ஓய்வு நாள் பதில்கள்: டூர் டி பிரான்ஸின் முதல் வாரம்

இதை எழுதுவது 2022 ஜூலை 11, திங்கட்கிழமை. ஜூலை 1ஆம் திகதி கொப்பன்ஹேகனில் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் ஒன்பது கட்டங்கள், அதாவது ஒன்பது நாள் ஓட்டம், முடிந்துவிட்டன. இன்று வீரர்களுக்கு ஓய்வு. எனக்கு உங்கள் கடிதங்கள். வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பையும் வீட்டுக் கடனையும் பற்றிக் கேட்பவர்கள்கூட இந்தக் கிழமை சைக்கிளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். போட்டி முதல் தடவையாக நாங்கள் வாழும் டென்மார்க்கில் தொடங்கியது அதற்குக் காரணமாக இருக்கலாம். எனக்குப் பெரிய சந்தோஷம்.

கேள்வி: அக்கா, பொகாச்சர் ஏற்கெனவே இரண்டு தடவை வென்றவர். இப்போதும் மஞ்சள் ஜேர்சி அவரிடம். இனிப் பார்க்க என்ன இருக்கிறது?
(ரொறன்ரோ வாசகர்)

நிறைய இருக்கிறது தம்பி. நேற்று இரவு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லா நாளும் கூட்டி மொத்த நேரம் குறைவாக உள்ளவருக்குத்தான் மஞ்சள் ஜேர்சி. இப்போது தாடெய் பொகாச்சர் முதலாவது. எங்கள் ஊர்ப் பெடியன் யோனஸ் விங்ககோர் 39 செக்கன் பின்னால் இரண்டாவது. அந்த 39 செக்கன் எங்கே போனது என்று பாருங்கள். முதல் நாள் கொப்பன்ஹேகன் மழையில், ஒவ்வொருவராகத் தனியே நேரத்தோடு ஓடும் போட்டியில், விங்ககோர் அவரிடம் 8 செக்கன் விட்டார். ஐந்தாம் நாள் வடபிரான்சின் கல் பதித்த வீதியில் 13. ஆறாம் நாள் லோங்வியில் இருவரும் ஒரே நேரத்தில்தான் வந்தார்கள். ஆனால் முதலாவதாக வந்தவருக்குப் பரிசாக 10 செக்கன் கழிக்கப்படும், அது பொகாச்சருக்குப் போனது. ஏழாம் நாள் பிளான்ஷ் தெ பெல் ஃபீய் மலையிலும் இருவருக்கும் ஒரே நேரம். முதலாம் இடத்துக்கு 10, இரண்டாம் இடத்துக்கு 6, ஆகவே வித்தியாசம் 4. எட்டாம் நாள் லொசானில் பொகாச்சர் மூன்றாவதாக வந்து இன்னொரு 4 எடுத்தார். கூட்டிப் பாருங்கள்: 8, 13, 10, 4, 4. சரியாக 39.

அதாவது, இதுவரை ஒரு மலையில்கூட அவர் விங்ககோரைக் கழற்றிவிட்டுப் போகவில்லை. பிளான்ஷில் கடைசித் துண்டு மண் பாதை, 24 வீதச் சரிவு. அங்கே முதலில் தாக்கியது, அதாவது திடீரென்று வேகம் கூட்டிப் பிரிந்து போகப் பார்த்தது, விங்ககோர்தான். பொகாச்சர் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்து முந்தினார். உயரமான மலைகள் நாளை மறுநாள்தான் வருகின்றன.

அடுத்தது ஆள் கணக்கு. ஓர் அணிக்கு எட்டுப் பேர். பொகாச்சரின் யுஏஈ அணியில் மத்தேயோ திரெந்தீனுக்குக் கொரோனா வந்ததால், போட்டி தொடங்கும் முன்பே அவருக்குப் பதில் மார்க் ஹிர்ஷியைக் கூட்டிவந்தார்கள். சனிக்கிழமை காலை வேகார்ட் லேங்கனுக்கும் கொரோனா. அவர் நெடுத்த நோர்வேக்காரர். சமவெளியில் மணிக்கணக்காக முன்னால் நின்று காற்றை வெட்டிக் கொடுப்பவர். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சம் ஏழு பேர். விங்ககோரின் ஜம்போ-விஸ்மா அணியில் எட்டுப் பேரும் இன்னும் நிற்கிறார்கள். பிரிமோஸ் ரொக்லிச் உடம்பு முழுக்கக் காயம், ஆனாலும் நிற்கிறார்.

மஞ்சள் ஜேர்சி போட்டவர் ஒவ்வொரு நாளும் பதில் சொல்ல வேண்டும். யார் ஓடிப் போனாலும் துரத்துவது அவருடைய அணியின் கடமை. ஏழு பேரோடு இன்னும் இரண்டு கிழமை என்றால் எனக்கு யுஏஈக்காகப் பயமாக இருக்கிறது. முதல் வாரத்தில் வென்றவர் பொகாச்சர். முதல் வாரத்தை நல்லபடியாக முடித்த அணி ஜம்போ. இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: வெல்வது ஒருவர், மேடை ஏறுவது ஒருவர். பிறகு ஏன் அணி அணி என்கிறீர்கள்?
(ஹேர்னிங் வாசகி)

ஜூலை 6, புதன்கிழமையைச் சொல்கிறேன். லில் நகரிலிருந்து ஆரென்பேர்க் வரை. இடையில் 11 துண்டுகளாக ஏறக்குறைய 20 கிலோமீற்றர் கருங்கல் பதித்த வயல் பாதை. அந்தக் கற்கள் எங்கள் தெருவில் பதிப்பதைப் போல மட்டமானவை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு பாண் அளவு, முதுகு வளைந்து, இடையில் விரல் நுழையும் இடைவெளி.

அங்கே விங்ககோரின் சைக்கிள் பழுதாகிவிட்டது. அணியின் கார் பின்னால் எங்கோ தூசிக்குள். நாதன் வான் ஹோய்டொங்க் தன் சைக்கிளைக் கொடுத்தார். அவர் நல்ல நெட்டை. விங்ககோர் ஏறி இருந்தால் கால் எட்டவில்லை. இறங்கினார். இன்னொருவரின் சைக்கிள். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் கார் வந்து அவருடைய மாற்றுச் சைக்கிள் கிடைத்தது. தொலைக்காட்சிக்கு முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு வருட உழைப்பும் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும் போலிருந்தது.

அதற்குள் ரொக்லிச் விழுந்தார். வீதிக்குப் பாதுகாப்பாக வைத்திருந்த வைக்கோல் கட்டு நகர்ந்து குறுக்கே கிடந்தது. தோள் மூட்டுக் கழன்றுவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் கதிரையில் இருந்து, தானே மூட்டைத் தள்ளிப் பொருத்திக்கொண்டு மறுபடி ஏறினார். அன்று இரண்டு நிமிடத்துக்கு மேல் இழந்தார்.

அந்த நேரம் மஞ்சள் ஜேர்சி யாரிடம் இருந்தது தெரியுமா? அதே அணியின் வவுட் வான் ஆர்ட்டிடம். முதல் மூன்று நாளும் இரண்டாவதாக வந்து, நான்காம் நாள் கலே நகருக்குத் தனியாக ஓடி வென்றவர். அன்று அவரும் ஒருதரம் விழுந்திருந்தார். அவர் தன் பாட்டுக்கு முன்னால் போயிருக்கலாம். போகவில்லை. விங்ககோருக்காகப் பின்தங்கி வந்து, மஞ்சள் ஜேர்சியோடு அவருக்கு முன்னால் காற்றை வெட்டிக்கொண்டு இழுத்தார். கடைசியில் இழப்பு 13 செக்கன் மட்டும். அது நான்கு நிமிடமாக ஆகியிருந்தால் நாங்கள் இன்று வேறு கதை கதைத்திருப்போம்.

இப்படிப்பட்டவரை டேனிஷில் யெல்பரூட்டர் என்பார்கள், உதவி ஓட்டக்காரர். ஒரு கட்டம் வென்றால் 11,000 யூரோ, முழுப் போட்டியும் வென்றால் 5 லட்சம் யூரோ. வென்றவர் அதைத் தன் பையில் போடுவதில்லை. அணிக்குள் பங்கு பிரிப்பதுதான் வழக்கம்.

கேள்வி: மார்க் கவெண்டிஷ் பழைய சாதனையாளர் எடி மேர்க்ஸின் 34 கட்ட வெற்றிச் சாதனையைச் சமன் செய்தவர். அவரை விட்டுவிட்டு வந்தது குவிக்ஸ்டெப் அணியின் பிழை இல்லையா?
(லண்டன் வாசகர்)

மனசுக்குக் கஷ்டம்தான். 35ஆவதைப் பார்க்க எனக்கும் ஆசை. ஆனால் வேக ஓட்டக்காரர் ஒருவருக்குத்தான் இடம். அவர்கள் தேர்ந்தது ஃபாபியோ யாகொப்சனை. அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: இரண்டாம் நாள் யாகொப்சன் வென்றபோது வர்ணனையாளர்கள் குரல் தழுதழுத்தது ஏன்?
(பாரிஸ் வாசகி)

தங்கச்சி, 2020 ஓகஸ்ட் 5. போலந்துச் சுற்றுப் போட்டி, கத்தொவிச்சே நகரம். கடைசி மீற்றர்களில் இரண்டு நெதர்லாந்துக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில். டிலன் குரூனவேகன் தன் பாதையை விட்டு விலகி வந்தார், யாகொப்சன் தடுப்பு வேலியில் மோதிப் பறந்தார். அண்ணம் உடைந்தது. பல்லில் பெரும்பகுதி போய்விட்டது. முகத்தில் 130 தையல். மருத்துவர்கள் அவரைச் செயற்கையாக மயக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அவர் தெருவில் கிடந்தபோது வாயில் இரத்தம் நிறைந்து மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது. அவருடைய அணிக்காரர் ஃபுளோரியன் செனெஷல் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், தலையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் செனெஷல் இந்த முறையும் அணியில் இருக்கிறார். முதலில் பட்டியலில் இல்லை. டிம் டெக்ளேர்க்குக்குக் கொரோனா வந்ததால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர். அதனால், தலையைத் தாங்கிப் பிடித்தவரும் உயிர் பிழைத்தவரும் ஒரே அணியில் டென்மார்க்குக்கு வந்தார்கள். ஜூலை 2, நீபோர் நகரில் யாகொப்சன் வென்றார். அவருடைய முதல் டூர் டி பிரான்ஸ் இது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. மறுநாள் சொண்டர்போரில் மயிரிழையில் வென்றவர் யார்? குரூனவேகன். அந்த விபத்துக்காக ஒன்பது மாதத் தடை வாங்கியவர். கொலை மிரட்டல் வந்து பொலிஸ் காவலோடு வீட்டில் இருந்தவர். இப்போது அவுஸ்திரேலியாவின் பைக்எக்ஸ்சேஞ்ச்-ஜெய்கோ அணியில். கோட்டைக் கடந்த பிறகு அவரும் அழுதார். யாகொப்சனுக்காக மட்டும் சந்தோஷப்பட வேண்டும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் இருவருக்காகவும் சந்தோஷப்படுகிறேன். பிழை செய்தவர் தண்டனையை முழுதாக அனுபவித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அவருக்கும் ஒரு நாள் வேண்டும்.

குவிக்ஸ்டெப்பின் கணக்கைச் சொல்வதானால், முதல் நாள் ஈவ் லம்பார்ட், இரண்டாம் நாள் யாகொப்சன், இரண்டு நாளில் இரண்டு. லம்பார்ட் பெல்ஜியத்தின் ஒரு கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. வான் ஆர்ட்டை 5 செக்கனால் தோற்கடித்து மஞ்சள் ஜேர்சி போட்டபோது நம்பவே முடியாமல் நின்றார். அந்த அணிக்கு இதற்குப் பிறகு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அவர்கள் வந்த காரியம் முடிந்துவிட்டது.

கேள்வி: இனியோஸ் அணி?
(ஒஸ்லோ வாசகர்)

பலம் இருக்கிறது. கெரைன்ட் தோமஸ் மூன்றாவது, அடம் யேட்ஸ் நான்காவது, டொம் பிட்கொக் ஏழாவது. முதல் நாள் தோமஸ் உடம்பைச் சூடாக வைத்திருக்கப் போட்ட மேற்சட்டையைக் கழற்ற மறந்தே ஓடினார். காற்றில் அது படபடவென்று அடித்தது. 36 வயதில், 2018இல் வென்ற ஒருவர், அப்படித் தொடங்கியும் மூன்றாம் இடத்தில் இருக்கிறார். ஆனால் மூவரில் எவராலும் முன்னால் நிற்கும் இருவரையும் மலையில் விட்டுவிட்டுப் போக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: விங்ககோரும் நீங்களும் ஒரே வேலை செய்தவர்கள் என்று ஒருமுறை எழுதினீர்களே, உண்மையா அக்கா?
(வவுனியா வாசகி)

ஒரே இடத்தில் இல்லை பிள்ளை, ஒரே மாதிரி வேலை. அவர் ஹில்லெர்ஸ்லெவ் என்ற சின்ன ஊர்க்காரர். வட யூட்லாந்தின் ஹன்ஸ்ட்ஹோல்ம் துறைமுகத்தில் விடியமுன் மீன் பெட்டி அடுக்கி ஐஸ் போட்டுவிட்டு, மத்தியானம் சைக்கிள் பயிற்சிக்குப் போனவர்.

நான் எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். மேற்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில்தான் முதல் வேலை. ஹெரிங் மீன். காலை ஐந்து மணிக்குத் தொடக்கம். பஞ்சுக் கையுறை, அதற்கு மேல் ரப்பர் கையுறை, இரண்டையும் தாண்டி ஐஸ் தண்ணீர் உள்ளே வரும். முதலில் நகக்கண் வலிக்கும். அப்புறம் விரல் நுனி மரத்துப் போகும். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது பிரேக் பிடிக்க விரல் மடங்காது. இறக்கம் வந்தால் உள்ளங்கையால் அழுத்துவேன். இந்தப் பெடியன் அந்தக் கையோடு போய் நான்கு மணி நேரம் பயிற்சி செய்தார் என்றால், அதன் அர்த்தம் எனக்கு விரலில் தெரியும்.

சைக்கிள் போட்டி பார்க்கப் பழகியதும் அந்தத் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில்தான். 1996இல் பியார்னே ரீஸ் ஹோட்டகாம் மலையில் எல்லாரையும் விட்டுவிட்டுப் போனபோது, மேசையில் தட்டி ஆர்ப்பரித்த டேனிஷ்காரிகளோடு நானும் தட்டினேன். இந்த நாட்டில் நானும் ஓர் ஆள் என்று தோன்றிய முதல் நாள் அது. 2007 மே மாதம் அவரே ஊக்கமருந்து எடுத்ததை ஒத்துக்கொண்டார். அதே வருடம் ஜூலையில் மிக்கேல் ராஸ்முசன் மஞ்சள் ஜேர்சியோடு இருந்தபோது, ஊக்கமருந்துச் சோதனைக்காகச் சொல்ல வேண்டிய, தான் எங்கே இருக்கிறேன் என்பதைப் பற்றிப் பொய் சொன்னார் என்று அவருடைய அணியே அவரை வெளியேற்றியது. அந்த அணி ரபோபாங்க். அதே அணிதான் கைமாறி, பெயர் மாறி இன்று ஜம்போ-விஸ்மாவாக நிற்கிறது. டேனிஷ்காரர் ஒருவரை மஞ்சளோடு வீட்டுக்கு அனுப்பிய அணி, பதினைந்து வருடம் கழித்து இன்னொரு டேனிஷ்காரருக்காக உயிரைக் கொடுத்து உழைக்கிறது. விங்ககோர் பிறந்தது 1996 டிசம்பரில், ரீஸ் வென்ற வருடம். இந்த நாட்டுக்குச் சுத்தமான ஒரு வெற்றி வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

கேள்வி: வைலெயில் நேரில் பார்த்தீர்களா?
(ஓர்ஹூஸ் வாசகர்)

பார்த்தேன். ஜூலை 3, ஞாயிறு, மூன்றாம் நாள் ஓட்டம் அங்கேதான் தொடங்கியது. பேரனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நகருக்கு வெளியே தெருவோரம் நின்றோம். முதலில் ஒரே ஓர் ஆள் வந்தார். வெள்ளையில் சிவப்புப் புள்ளி ஜேர்சி (மலை ஏற்றங்களில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குரியது), மக்னுஸ் கோர்ட், ஈஎஃப் அணி. கூட்டத்தை விட்டு அவர் தனியாகவே பிரிந்து வந்திருந்தார். டென்மார்க்கில் மலை ஏது? சின்னச் சின்ன மேடுகள்தான். அந்த மேடுகள் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக ஏறிப் புள்ளி எடுத்தார். நான்காம் நாள் பிரான்சுக்குப் போயும் விடவில்லை. மொத்தம் தொடர்ச்சியாகப் பதினொன்று. 1958இல் பஹமொந்தேஸ் வைத்த ஏழு என்ற சாதனை போய்விட்டது. போட்டியை வெல்லப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும், நின்றவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு சின்ன அணிக்கு மூன்று நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் இடம் கிடைத்தது. தெருவில் நின்ற பிள்ளைகளுக்கு ஒரு முகம் கிடைத்தது.

சில நிமிடம் கழித்துப் பெரிய கூட்டம். சத்தம் முதலில் வரும். சங்கிலிகள் எல்லாம் சேர்ந்து மழை கூரையில் விழுகிற மாதிரி. அப்புறம் ஒரு காற்று முகத்தில் அடிக்கும். முடிந்தது. பேரன் இன்னும் கேட்கிறான், “அம்மம்மா, அந்தப் புள்ளி மாமா எங்கே?”

கேள்வி: ஆரென்பேர்க்கில் வென்ற சைமன் கிளார்க் யார்?
(மெல்பேர்ண் வாசகர்)

உங்கள் ஊர்க்காரர், 35 வயது. போன வருடக் கடைசியில் அவருடைய அணி பணமில்லாமல் மூடப்பட்டது. குளிர்காலத்தில் வேலை இல்லாமல் இருந்தார். இஸ்ரேல்-பிரீமியர் டெக் அணி எடுத்தது. மயிரிழை வித்தியாசத்தில் வென்று கொடுத்தார். அந்த அணிக்கு இது பெரிய விஷயம். மூன்று வருடப் புள்ளிகளைக் கூட்டி, முதல் 18 அணிகளுக்குத்தான் அடுத்த வருடம் முதல் தரம். அவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே தத்தளிக்கிறார்கள். இந்த வெற்றி காணுமா என்று கேட்டால், காணாது. இன்னும் வேண்டும்.

கேள்வி: பிரெஞ்சு அணிகள் இந்த முறையும் வெறுங்கைதானா?
(துலூஸ் வாசகர்)

இல்லை. நேற்று ஷத்தேலில் ஏஜி2ஆர் அணியின் பாப் யுங்கல்ஸ் 60 கிலோமீற்றருக்கு மேல் தனியாக ஓடி வென்றார். லக்ஸம்பேர்க்காரர், போன வருடம் கால் இரத்தக்குழாயில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். அந்த அணியின் தலைவர் பென் ஓ'கொனர் கற்பாதையிலேயே மூன்று நிமிடத்துக்கு மேல் இழந்துவிட்டார். அதனால் இந்த வெற்றி அவர்களுக்கு மருந்து. கொஃபிடிஸ் அணிக்கு 2008க்குப் பிறகு டூரில் ஒரு கட்டம்கூட இல்லை. இப்போது சைமன் கெஷ்கேயிடம் புள்ளி ஜேர்சியாவது இருக்கிறது. டேவிட் கோதுவும் ரொமெய்ன் பார்தேயும் ஐந்தாவது, ஆறாவது. 1985இல் இனோவுக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் எவரும் வெல்லவில்லை. இந்த வருடமும் வெல்ல மாட்டார்கள். முதல் மூவருக்கான மேடையில் ஓர் இடம் கிடைக்கலாம்.

கேள்வி: அக்கா, இங்கே பெற்றோல் இல்லை. அப்பா, நான், தம்பி எல்லாரும் சைக்கிளில்தான். பழைய சைக்கிளைத் திருத்தக் கொடுத்தாலும் கடையில் வரிசை. கரண்டும் இடையிடையேதான். ஒரு நாள் மட்டும் பார்க்கலாம் என்றால் எந்த நாளைச் சொல்வீர்கள்?
(கோப்பாய் வாசகி)

உங்கள் கடிதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டது, வடிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். புதன்கிழமை, ஜூலை 13. ஆல்பெர்வில் நகரிலிருந்து கோல் து கிரனோன் வரை. உங்களுக்கு இரவு எட்டரை மணி அளவில் முடியும். முழுதாகப் பார்க்க முடியாவிட்டால் ஆறு மணிக்குப் பிறகு கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் கலிபியே மலை, 2,600 மீற்றருக்கு மேல். அதிலிருந்து இறங்கியதும் கிரனோன். 11 கிலோமீற்றர், சராசரி 9 வீதத்துக்கு மேல், உச்சி 2,413 மீற்றர். டூர் அங்கே கடைசியாக முடிந்தது 1986இல். அன்று இனோவிடமிருந்து மஞ்சள் ஜேர்சி கிரெக் லெமோண்டுக்குப் போனது. இருவரும் ஒரே அணி.

உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கலிபியே ஏறும்போது பொகாச்சருக்குப் பக்கத்தில் எத்தனை யுஏஈ வெள்ளை ஜேர்சி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஜம்போ ரொக்லிச்சை ஒருதரம், விங்ககோரை ஒருதரம் என்று மாறி மாறித் தாக்க விடும் என்று நான் எதிர்பார்க்கிறேன். ஒவ்வொருதரமும் பொகாச்சரே துரத்த வேண்டி வந்தால், கிரனோனில் அவர் கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்பாவின் சைக்கிளில் எது பழுது என்றும் எழுதுங்கள். இங்கிருந்து வருபவர்கள் யாரிடமாவது சாமானைக் கொடுத்துவிடப் பார்க்கிறேன்.